பத்து நாள் ‘பழகிப் பார்க்கலாம்’ என்றால் கூலியைக் கேட்டுவிட்டுப் போங்கள்

குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஏஜென்சி மூலம் போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பதினேழு வருடமாக இதே வேலைதான் எனக்கு. என்னை யார் ஏமாற்றிவிட முடியும் என்று கொஞ்சம் மிதப்பாகவே இருந்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் ஆறு வருடம் இருந்த வீட்டார் பெங்களூருக்குக் குடிபோனதால் புது வீடு தேட வேண்டியதாயிற்று. ஏஜென்சிக்காரத் தம்பி, “அனுபவம் உள்ள ஆயாவுக்கு இரண்டே நாளில் வீடு அம்மா” என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் 3,000 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டார். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை. வீடு மட்டும் சொன்னபடி வந்தது.

அடையாறு பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒன்பது மாதப் பெண் குழந்தை. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, மாதம் 18,000 ரூபாய். “முதல் பத்து நாள் பாப்பாவோடு பழகிப் பாருங்கள் அக்கா, அப்புறம் சம்பளக் கணக்கைத் தொடங்கிக்கொள்ளலாம்” என்றார் குழந்தையின் அம்மா. அந்தத் ‘தொடங்கிக்கொள்ளலாம்’ என்ன என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். சம்பளத் தேதியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பெரம்பூரிலிருந்து 29சி. வெள்ளைப் பலகை பஸ் வந்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டீலக்ஸ் வந்தால் காசு. எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டியவள் எது முதலில் வருகிறதோ அதில்தானே ஏற முடியும்?

ஒன்பது மாதக் குழந்தை வேற்றுமுகம் பார்க்கும். முதல் மூன்று நாள் என்னைக் கண்டாலே அலறியது. அந்த நேரத்தில் பாய்ந்து தூக்கக் கூடாது. தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தால் தானாகத் தவழ்ந்து வரும். நான்காம் நாள் வந்தது. ஐந்தாம் நாள் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, என் வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய வேட்டித் துணியில் பாலைப் பிழிந்து கஞ்சி காய்ச்சினேன். அதுவரை பாக்கெட் பொடிக் கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்த குழந்தை கிண்ணத்தைக் காலி செய்தது. ஏழாம் நாள் என் தோளிலேயே தூங்கிவிட்டது.

சமையலறை மேடையில் ஒரு நோட்டு உண்டு. எத்தனை மணிக்குப் பால், எப்போது தூக்கம், எத்தனை டயப்பர் எல்லாம் அதில் எழுத வேண்டும். ஒழுங்கான வீடு என்று மெச்சிக்கொண்டேன். ஒரு மதியம் குழந்தை தூங்கும்போது முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். மூன்று பேருடைய கையெழுத்து. உருண்டை எழுத்தில் ஒன்பது நாள். கோழிக் கிறுக்கலில் பத்து நாள். மூன்றாமவர் எழுத்துக்கூட்டி எழுதியிருந்தார்: ‘பப்பா அளுதது’. அவருக்கும் பத்து நாள். பார்த்தேன், சிரித்தேன், மூடி வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் மாலை அந்த அம்மா, “பாப்பா உங்களோடு ஒட்டவில்லை அக்கா, ஏஜென்சியில் வேறு ஆள் கேட்டிருக்கிறோம்” என்றார். அவர் அதைச் சொல்லும்போது குழந்தை என் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. கூலி கேட்டேன். “பழகிப் பார்க்கிற நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று முதலிலேயே சொன்னோமே” என்று கணவர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். பஸ் செலவுக்கு 500 ரூபாய் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. அன்று வீட்டில் காஸ் தீர்ந்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் நோட்டும் நாளும் கணக்குக்கு வந்தன. பிடிக்கவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றித் தருவதாக ஏஜென்சி எழுதிக் கொடுத்திருக்கிறது என்று அந்த அம்மாவே ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். அவர்களுக்குக் கூலி இல்லாத ஆள், ஏஜென்சிக்குத் தலைக்கு 3,000. எனக்குப் பத்து நாள் கூலி 6,000, பதிவுக் கட்டணம் 3,000, கிடைத்த 500 போக 8,500 ரூபாய் நஷ்டம். தம்பிக்குப் போன் செய்தால், “கட்டணம் திரும்பாது அம்மா, வேறு வீடு தருகிறேன்” என்கிறார்.

வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று 2018இலேயே தமிழக அரசு அறிவித்திருக்கிறது. மணிக்கணக்கிலும் கூலி உண்டு. பழகிப் பார்க்கும் நாளில் குழந்தை என்ன, தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறதா? வீட்டுப் பணியாளர் நல வாரிய அட்டை இத்தனை நாளும் அலமாரியில் சும்மா கிடந்தது. திங்கட்கிழமை அதோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுக்கப் போகிறேன்.

நேற்று அயனாவரத்தில் ஒரு வீட்டுக்குப் பேசப் போனேன். பழகிப் பார்ப்பதென்றால் நாள் கூலி 600, அன்றன்று மாலை கையில் என்றேன். அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவும் சொன்னேன். குழந்தையின் பாட்டி, “இதில் என்னம்மா இருக்கிறது” என்று பேரனை விட்டு உடனே அனுப்பச் சொன்னார்.

அடையாற்று வீட்டுக்கு இந்நேரம் ஐந்தாவது ஆள் வந்திருப்பார். மேடையில் நீல அட்டை நோட்டு இருந்தால் பின்னால் புரட்டிப் பாருங்கள் அம்மா. பச்சை மையில், வலப்பக்கம் சாய்ந்து இருப்பது என் எழுத்து.