கில்ஹர்ன் கோட்டை: அக்கரையில் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து ஓபன் ஊருக்குக் காரில் போகும் வழியில், டால்மலி தாண்டியதும் லாக் ஆ ஏரி வரும். ஏரியின் அந்த முனையில்தான் கில்ஹர்ன் கோட்டை. சுற்றிலும் மலைகள், அவற்றில் பெரியது 1,126 மீட்டர் உயர பென் க்ரூவாகன். பலரும் எதிர்க்கரையில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

சாலையோரத்தில் சிறிய வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். முந்தின நாள் மழையில் பாதை ஒரே சேறு. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். இப்போது நடந்தே போகிறோம், ஒரு காலத்தில் இது தீவு. 1817இல் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்த பிறகுதான் கரையோடு சேர்ந்தது.

1400களின் நடுவில் காம்ப்பெல் குடும்பத்தார் கட்டியது. வாசல் நிலைக்கல்லில் 1693 என்று செதுக்கியிருக்கிறது, விரலால் தடவிப் பார்க்கலாம். அந்தச் சமயத்தில்தான் இருநூறு வீரர்கள் தங்க நீண்ட கட்டடம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இன்று அதற்குக் கூரை இல்லை, உள்ளே புல்.

ஆனால் எனக்கு மறக்காதது முற்றத்தில் கிடக்கும் அந்தச் சிறுகோபுரம். 1760இல் இடி விழுந்து கோட்டை பாழானது. அப்போது மேலிருந்து பெயர்ந்து விழுந்தது, தலைகீழாக இன்னும் அப்படியே கிடக்கிறது. அடியில் அதைத் தாங்க அடுக்கடுக்காக நீட்டிச் செதுக்கிய கற்கள் இப்போது வானத்தைப் பார்க்கின்றன. அந்த அடுக்குகளில் பாசி படர்ந்திருக்கிறது. அம்மா கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். "யாரும் இதைத் தூக்கி ஓரமா வைக்கலையேப்பா," என்றார். நல்லவேளை வைக்கவில்லை. எந்தத் தகவல் பலகையும் அந்த இடியை இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நான் மட்டும் கோபுரத்தில் ஏறினேன். மேலே காற்று தள்ளுகிறது. ஏரி தென்மேற்கே கண்ணுக்கு எட்டும்வரை போகிறது, மொத்தம் 41 கிலோமீட்டர் நீளமாம்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. கோடை மாதங்களில்தான் உள்ளே விடுவார்கள். சில சமயம் கற்களைச் சோதிப்பதற்காக மூடிவைப்பதும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். கழிப்பறையோ தேநீர்க் கடையோ அங்கே இல்லை. டால்மலியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அப்புறம், காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்த்துவிடும்; முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.