1:1 என்று சொல்லிப் பாதி மேக்ரோவை அனுப்பினார்கள்: மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத புது வகை) கேமராவுக்கு, சின்னச் சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரு ஆன்லைன் விற்பனையாளர் 1:1 லென்ஸ் என்று விளம்பரம் போட்டு, எனக்கு 1:2 லென்ஸை அனுப்பினார். கேட்டதற்குத் தப்புக் கணக்குச் சொன்னார். கடைசியில் "சீலை உடைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார். வங்கியில் புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. உங்களுக்கு அந்தப் பெயரைவிட, எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிவதுதான் முக்கியம்.

நான் எடுக்க நினைத்தது குதிக்கும் சிலந்தி, இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் வண்ணத்துப்பூச்சி முட்டை, இந்த மாதிரி விஷயங்கள். அந்த முட்டை ஒரு மில்லிமீட்டர் வந்தாலே பெரிது, அதனால் 1:1 எனக்குக் கட்டாயம் வேண்டும். 1:1 என்றால் பொருள் என்ன அளவோ அதே அளவில் பிம்பம் சென்சாரில் விழும், 10 மி.மீ. வண்டு சென்சாரிலும் 10 மி.மீ. 1:2 (அதாவது 0.5 மடங்கு) என்றால் அது 5 மி.மீ.தான், பரப்பில் பார்த்தால் கால்வாசி. லென்ஸின் மேல் ‘மேக்ரோ’ என்று எழுதியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, 1:4 வரைக்கும் மட்டுமே போகிற ஜூம் லென்ஸ்களிலும் அந்த வார்த்தை இருக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் வாங்குவதற்கு முன்பே சாட்டில் "இது வேறு எந்த இணைப்பும் இல்லாமல், தனியாகவே 1:1 போகுமா?" என்று கேட்டேன். "ஆமாம், உண்மையான 1:1" என்று பதில் வந்தது.

வந்த பெட்டியில் இருந்தது விளம்பரத்தில் போட்டிருந்த மாடலே இல்லை. அதே 60 மி.மீ., கேமராவில் மாட்டும் அதே மவுண்ட், ஆனால் வேறு லென்ஸ். கூடவே ‘இலவசம்’ என்று இரண்டு எக்ஸ்டென்ஷன் ட்யூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்). பெட்டியின் வெளியே மாடல் பெயர் இருந்த இடத்தை மறைத்து விற்பனையாளரின் சொந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதுவே சீலும்கூட. அதாவது என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சீலை உடைத்தே ஆக வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு சாதாரண ஸ்கேல் போதும். லென்ஸை மேனுவல் ஃபோகஸில் வைத்து, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமோ அந்தக் கடைசிக்குத் திருப்பிவிட்டு, கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்கேல் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒரு படம். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ண வேண்டியதுதான். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 23.5 (கேனானில் 22 சொச்சம்), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3. 1:1 லென்ஸ் என்றால் ஸ்கேலிலும் அதே எண் தெரிய வேண்டும். என் கேமரா ஏபிஎஸ்-சி. எனக்குத் தெரிந்தது 47 மி.மீ. சரியாகப் பாதி!

படத்தை அப்படியே அனுப்பிக் கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "உங்கள் கேமரா ஏபிஎஸ்-சி, அதனால் 0.5ஐ 1.5ஆல் பெருக்குங்கள், 0.75 ஆகிவிடும். மீதிக்குத்தான் ட்யூப் கொடுத்திருக்கிறோமே" என்றார்கள். அந்த 1.5, ஃபுல் ஃப்ரேம் ஏபிஎஸ்-சியைவிட எத்தனை மடங்கு அகலம் என்பது. சின்ன சென்சார் படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டுகிறது, அதனால் திரையில் பெரிதாகத் தெரிகிறது. லென்ஸ் விழவைக்கும் பிம்பம் அதனால் ஒரு இழைகூட வளராது. ஃபுல் ஃப்ரேமுக்குச் சமமாக மாற்றிச் சொல்லும் இந்த ‘ஈக்விவலன்ட்’ கணக்கு எல்லா இடத்திலும் ஏமாற்று என்று சொல்லவில்லை. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா செய்யும் ஓஎம் சிஸ்டத்தின் 90 மி.மீ. மேக்ரோவில் 2 மடங்கு, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 4 மடங்குக்குச் சமம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள், அது நேர்மை. 1:1 போகுமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு, பணம் வந்தபிறகு பெருக்கச் சொல்வது வேறு.

ட்யூப் சமாச்சாரம் அதைவிட மோசம். 10 மி.மீ. ஒன்று, 16 மி.மீ. ஒன்று. ட்யூபின் நீளத்தை ஃபோகல் லென்த்தால் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண், இங்கே 60) வகுத்தால் தோராயமாக எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று கிடைத்துவிடும். 26ஐ 60ஆல் வகுத்தால் 0.43. இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் 0.93தான், ட்யூப் போட்டும் உண்மையான 1:1 வரவில்லை. அதற்கும் மேலே, அந்த ட்யூப்களில் மின் தொடர்புப் புள்ளிகளே கிடையாது. மிரர்லெஸ் லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் அப்பெர்ச்சரும் (ஒளி நுழையும் துளை) மின்சாரத்தில்தான் இயங்குகிறது, ஃபோகஸ் வளையமும் மோட்டாரைத்தான் திருப்பச் சொல்கிறது. தொடர்பு அறுந்ததும் அப்பெர்ச்சரை மாற்ற முடியாது, வளையத்தை எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் அசையாது. நல்ல ட்யூப் வேண்டுமென்றால் புள்ளிகள் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், கிடைக்கிறது.

படம் மங்கலாக இருக்கிறது என்று சொன்னதற்கு எஃப்/22 வைக்கச் சொன்னார்கள், அதாவது துளையை ரொம்பச் சிறிதாக்கச் சொன்னார்கள் (எண் கூடினால் துளை சிறிது). கிட்டத்தில் போகப் போக உண்மையான அப்பெர்ச்சர் எண் கூடிக்கொண்டே போகும், பொதுவான லென்ஸ்களுக்கு உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, கேமராவில் வைத்த எண்ணை அதால் பெருக்கினால் கிட்டத்தட்டச் சரியாக வரும். அரை மடங்கில் எஃப்/22 என்பது எஃப்/33, 1:1இல் எஃப்/44. அந்த இடத்தில் டிஃப்ராக்‌ஷன் (சிறிய துளையில் ஒளி விரிந்து படம் மங்குவது) நுணுக்கங்களை அழித்துவிடும். எஃப்/8 அல்லது 11இல் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்வதுதான் வழி. மேக்ரோ லென்ஸ் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

விளம்பரத்தில் போட்டிருந்த மாதிரிப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஈயின் தலை மட்டும் ஃப்ரேம் முழுக்க. வீட்டு ஈ மொத்தமே 6, 7 மி.மீ.தான், ஏபிஎஸ்-சியில் 1:1இல் எடுத்தால் முழு ஈயே அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆக அந்தப் படம் 1:1 லென்ஸில் எடுத்து அப்படியே போட்டதாக இருக்க முடியாது. இப்படிப் படம் போட்டிருக்கும் இடத்தில் மற்ற விவரங்களையும் சந்தேகப்படுங்கள்.

அரை மடங்கு லென்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேனான் ஆர்எஃப் 35 மி.மீ. எஃப்/1.8, ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2, ஃபியூஜி எக்ஸ்எஃப் 60 மி.மீ. எஃப்/2.4 மூன்றும் 0.5தான். தயாரித்தவர்களே அதை வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள், பூவுக்கும் நகைக்கும் தாராளமாகப் போதும். 1:1 வேண்டும் என்றால் சோனி 90 மி.மீ. எஃப்/2.8, நிகான் இசட் எம்சி 105, ஃபியூஜி 80, சிக்மா 105 என்று இருக்கின்றன. கேனான் ஆர்எஃப் 100 மி.மீ. 1.4 மடங்கு வரை போகும். பூச்சி எடுக்கிறவர்கள் இந்த 90, 100 பக்கம் போவதற்குக் காரணம் இடைவெளி. விவரப் பட்டியலில் போடுகிற குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளந்தது, லென்ஸின் முனையிலிருந்து அல்ல. சோனியின் 30 மி.மீ. மேக்ரோவுக்கு அது 9.5 செ.மீ.; அதில் கேமராவும் லென்ஸும் எடுத்துக்கொண்டது போக 1:1இல் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் மிஞ்சும். வெளிச்சத்தை மறைத்துவிடும், பூச்சியும் நிற்காது.

அப்புறம் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள கேமரா) லென்ஸை, மிரர்லெஸில் மாட்ட அடாப்டரோடு விற்கிறவர்கள். ‘ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்’ என்பதை நம்பாமல் மாடலைப் பாருங்கள். நிகானின் ஏஎஃப்-டி வகை மைக்ரோ (மேக்ரோவுக்கு நிகான் வைத்த பெயர்) லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரில் போட்டால் அதன் இசட் மிரர்லெஸ் கேமராவில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

நீங்கள் வாங்கும்போது, முழு மாடல் பெயரையும் அதிகபட்ச உருப்பெருக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள், "ட்யூப் இல்லாமல், ஈக்விவலன்ட் இல்லாமல்" என்று சேர்த்தே கேளுங்கள். சீல் உடைத்துச் சோதித்தால் திருப்பி எடுப்பார்களா என்பதையும் அதே சாட்டில் கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரப் பக்கத்தையும் சேர்த்துத்தான், என் விஷயத்தில் புகார் செய்த பிறகு அதிலிருந்த மாடல் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய ஸ்க்ரீன்ஷாட் இருந்ததால்தான் வங்கி என் புகாரை எடுத்துக்கொண்டது. பெட்டி திறப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள், லென்ஸில் இருக்கும் சீரியல் எண்ணும் பெட்டியில் இருப்பதும் அதில் தெரியட்டும்.

ஏற்கெனவே லென்ஸ் வாங்கி, திருப்பி அனுப்பும் கெடு இன்னும் முடியாமல் இருந்தால் இன்றைக்கே ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். எண் பொருந்தவில்லை என்றால் என்னைக் கேளுங்கள், நான் வங்கிக்கு எழுதிய புகாரின் வாசகத்தை அனுப்புகிறேன்.