சப்ளையர் ஒப்பந்தங்களுக்கு வக்கீல் வைத்து ஏழு வருஷம் ஆகிறது

தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சீல், பேரிங், வால்வு மாதிரியான உதிரிபாகங்களை வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களிடம் வாங்கி, சின்னச் சின்ன டீலர்கள் வழியாக விற்பது எங்கள் தொழில். ஏழு வருஷமாக ஒரு சட்ட அலுவலகத்துக்கு மாதக் கட்டணம் கட்டி வருகிறோம். ஒப்பந்தம் எழுதுவது, வந்த ஒப்பந்தத்தைப் படித்துத் திருத்துவது, தகராறு முளைத்தால் கடிதம் போடுவது வரை அதில் அடக்கம். கோர்ட், ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதிலாக இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நடுவர் தீர்ப்புச் சொல்வது) என்று போனால் தனிக் கணக்கு. இதே தொழிலில் இருப்பவர்கள் இந்தச் செலவு தேவையா என்று அடிக்கடி கேட்பதால், நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வக்கீல் இல்லாமல் நான் போட்ட முதல் ஒப்பந்தம் 28 பக்கம். தனி விநியோக உரிமை என்ற வார்த்தையைப் பார்த்ததும் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை. அந்த உரிமைக்கு ஈடாக வருஷத்துக்கு இவ்வளவு சரக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று இருந்தது, நானும் அதற்காக ஸ்டாக்கை ஏற்றிக்கொண்டே போனேன், மூன்றாவது வருஷம் அந்தத் தயாரிப்பு நிறுவனம் கை மாறியது, புதிதாக வந்தவர்கள் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து உறவை முடித்துக்கொண்டார்கள். கிடங்கில் எட்டு மாதம் விற்கக்கூடிய சரக்கு கிடந்தது. அதைத் திருப்பி எடுக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. முடிந்த நாளிலிருந்து அவர்களுடைய பிராண்ட் பெயரைப் போட்டு விற்கும் உரிமையும் எனக்கு இல்லை. இரண்டுமே தெளிவாக எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்தும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இப்போதைய வக்கீலிடம் போனேன். சந்தையை வளர்த்துக் கொடுத்தவனுக்கு ஏதாவது நஷ்டஈடு கிடைக்காதா என்பதுதான் என் முதல் கேள்வி. அவர் உட்கார வைத்து ஏஜெண்டுக்கும் டிஸ்டிரிபியூட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986ஆம் ஆண்டு உத்தரவை உதாரணம் காட்டினார். தயாரிப்பாளர் சார்பில் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் வணிக ஏஜெண்டுக்கு ஒப்பந்தம் முடியும்போது ஈட்டுத்தொகையோ நஷ்டஈடோ கேட்கும் உரிமையை அது தருகிறது. சொந்தப் பணத்தில் வாங்கி, சொந்தக் கணக்கில் விற்கும் டிஸ்டிரிபியூட்டர் அதற்குள் வருவதில்லை. 1961லேயே தனி விநியோகஸ்தர்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் போட்ட பெல்ஜியம் மாதிரி நாடுகள் குறைவு. அதாவது முழு ரிஸ்க்கையும் தலையில் ஏற்றிக்கொள்கிற நமக்குச் சட்டம் தானாக வந்து கை கொடுப்பது அரிது, வேண்டியதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

அன்றிலிருந்து எந்தப் புது ஒப்பந்தம் வந்தாலும் அவர் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். யார் முடித்தால் எத்தனை மாத நோட்டீஸ், மிச்சச் சரக்கை எந்த விலைக்குத் திருப்பி எடுப்பார்கள், எடுக்காவிட்டால் எத்தனை மாதம் அதே பெயரில் விற்றுத் தீர்க்கலாம், அனுப்பாமல் நிற்கும் ஆர்டர்கள் என்ன ஆகும். அப்புறம்தான் விலை, கமிஷன், டார்கெட் எல்லாம். இந்த ஒரு பழக்கத்துக்கே கட்டணம் தகும் என்று நான் நினைக்கிறேன். நிறுவனம் கை மாறினால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்ற ஷரத்தையும் இப்போது ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குகிறோம்.

நான்காவது வருஷம் வந்த தரப் பிரச்சினையில்தான் இந்த ஆள் எவ்வளவு உதவி என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஒரு பேட்ச் சீல் முழுவதும் சூட்டில் சுருங்கியது. டீலர்கள் போனில் கத்துகிறார்கள், நான் சப்ளையரின் விற்பனை மேலாளருக்குப் போன் மேல் போன் போடுகிறேன், அவரும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுக்கிறார். வக்கீலிடம் சொன்னபோது அவர் கேட்டது மூன்றே விஷயம். “சரக்கு வந்த தேதி எது, பழுது தெரிந்த தேதி எது, எழுத்தில் சொன்ன தேதி எது?” மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராதா என்று கேட்டேன். எங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எழுத்தில்தான் தர வேண்டும், பழுது தெரிந்த 15 நாளுக்குள் தர வேண்டும் என்று இருந்தது. அது 11ஆம் நாள்.

அன்று மாலையே கடிதம் போனது. பேட்ச் எண், எத்தனை பீஸ், எந்த வெப்பநிலையில் என்ன ஆனது, படங்கள், எந்த இன்வாய்ஸ், நாங்கள் என்ன கேட்கிறோம் என்று எல்லாம் அதில் இருந்தது. தரம் சரியில்லை என்று மொட்டையாக எழுதினால் போதாது, பழுது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும் என்றார். 1980இல் வியன்னாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 1988 முதல் நடப்பில் இருக்கும் சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கிறது. அதன் 38ஆம் பிரிவு சரக்கைச் சீக்கிரம் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது, 39ஆம் பிரிவு நியாயமான காலத்துக்குள் பழுதின் தன்மையை விளக்கி நோட்டீஸ் தரச் சொல்கிறது, எப்படியானாலும் சரக்கு கைக்கு வந்து இரண்டு வருஷம் தாண்டக் கூடாது. உத்தரவாதக் காலம் வேறு மாதிரி இருந்தால் மட்டும் அது மாறும். தாமதமானால் பழுது உண்மையாகவே இருந்தாலும் உரிமை பொதுவாகப் போய்விடும். (விற்றவருக்கே பழுது தெரிந்திருந்தும் மறைத்திருந்தால் அவர் இந்தத் தாமதத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 40ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அதை நிரூபிப்பது சுலபமான வேலை இல்லை.) இந்த உடன்படிக்கை வேண்டாம் என்று இரு தரப்பும் எழுதிக்கொள்ளவும் முடியும், நிறைய நிறுவனங்கள் அப்படித்தான் எழுதுகின்றன, அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் எது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

ஆறு வாரத்தில் பாதிக்கு மாற்றுச் சரக்கும் மீதிக்கு கிரெடிட் நோட்டும் (பில் தொகையில் கழித்துக்கொள்ளும் சீட்டு) வந்தது. கோர்ட் வாசல் பக்கமே போகவில்லை. அதே சப்ளையரிடம் இன்றும் வாங்குகிறோம், கடிதம் போட்டால் உறவு கெட்டுவிடும் என்று நான் பயந்தது நடக்கவில்லை.

2020இல் ஒரு தயாரிப்பாளர் தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று ஒரே வரியில் மெயில் அனுப்பி டெலிவரியை நிறுத்தினார். வக்கீல் கேட்டது, அவர்களுக்கு உண்மையில் எது தடையாக இருக்கிறது, இருக்கும் சரக்கை வேறு யாருக்காவது அனுப்புகிறார்களா என்பதைத்தான். பதில் சொல்ல முடியாமல் பாதி ஆர்டரை அனுப்பினார்கள்.

குறைகளும் இருக்கின்றன. பெரியவரை நம்பிப் போனோம், இரண்டாவது வருஷத்திலிருந்து பெரும்பாலும் ஜூனியர்கள்தான் பார்க்கிறார்கள், அவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எங்கள் தொழிலை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. டீலர்களுக்கான ஒப்பந்தம் கேட்டால் 19 பக்கம் எழுதித் தந்தார்கள், எந்தச் சின்ன டீலர் அதைப் படிப்பார்? சண்டை போட்டு நான்கு பக்கமாக்கினேன். பணம் முழுசாக வரும்வரை சரக்கு எங்கள் சொத்து என்ற ஷரத்தை அதில் பெரிதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு டீலர் பாக்கி வைத்துவிட்டு நின்றபோது சரக்கு ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது, அந்த ஷரத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. கடன் வரம்பை நாங்களே இறுக்கியிருக்க வேண்டும், அதை அவர்கள் முன்பே சொல்லியிருக்கலாம்.

என்னை மிகவும் வருத்தியது ஆர்பிட்ரேஷன் ஷரத்துதான். வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது ஆர்பிட்ரேஷன் நல்லது என்று அவர்கள் சொன்னது சரி. 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால், ஒரு நாட்டில் வாங்கிய தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழி இருக்கிறது, கோர்ட் தீர்ப்புக்கு அந்த அளவு வசதி கிடையாது. ஆனால் எங்கள் அளவு என்ன என்று பார்க்காமல் மூன்று நடுவர்கள் என்று பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஆறாவது வருஷம் எங்களுக்கு வர வேண்டிய தள்ளுபடிப் பாக்கி பற்றித் தகராறு வந்தபோது மூன்று நடுவர்களின் கட்டணமும் பயணமும் சேர்ந்தால் நாங்கள் கேட்கும் தொகையில் பாதியைத் தின்றுவிடும் என்று தெரிந்தது. கடைசியில் ஒரு சமரசகரை வைத்து இரண்டு நாளில் பேசி, கேட்டதில் அறுபது சதவீதத்துக்கு முடித்தோம். அலுவலகத்திடம் நேராகவே சொன்னேன், அவர்கள் தவறை ஒத்துக்கொண்டு அந்த வேலைக்கான பில்லைக் குறைத்தார்கள்.

மூன்று நடுவர்கள் என்று எழுதிய அந்த ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிப்புக்கு வருகிறது. முதலில் நிர்வாகிகள் உட்கார்ந்து பேசுவது, முடியாவிட்டால் சமரசம், அதற்கும் மேல் ஒரே நடுவர் என்று மாற்றக் கேட்டு வரைவு அனுப்பியிருக்கிறோம். இந்தத் தடவை ஜூனியர் எழுதியதை நானும் வரிக்கு வரி படித்தேன்.