60 மடங்கு எதற்கு? கரைப்பறவைகளோடு மூன்று பருவம் கண்ட ஒரு ஸ்கோப்

கரைப்பறவைகளைப் பார்ப்பதற்கென்றே வாங்கிய 80 மில்லிமீட்டர் ஸ்பாட்டிங் ஸ்கோப் (தொலைவிலுள்ள பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ஒன்றை மூன்று வலசைப் பருவங்களாகத் தோளில் சுமந்து திரிந்தபின் இதை எழுதுகிறேன். 20 முதல் 60 மடங்கு வரை உருப்பெருக்கும் ஜூம் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் முனையின் லென்ஸ்), 45 பாகை சாய்வாக அமைந்த பார்வைக் குழல், நிறச் சிதறலைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடி, உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த உடல் என்று இன்றைய நடுத்தரக் கருவி எதிலும் இருப்பவைதாம் இதிலும் இருக்கின்றன. ஏறக்குறைய இதே வார்ப்பு பல பெயர்களில் விற்பனைக்கு வருவதால் முத்திரைப் பெயரைச் சொல்வதில் பயனில்லை; இந்த வகையில் எதை வாங்கினாலும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இலையுதிர்காலத்தின் தொடக்கம், அதாவது ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து அக்டோபரின் முதல் வாரங்கள் வரை, ஒரு ஸ்கோப்பைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஆண்டிலேயே மிகக் கடினமான காலம். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரத்தில் இனப்பெருக்கம் முடித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஒரே நாளில் புறப்பட்டு வருவதில்லை. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொண்டால், அடைகாப்பதில் பங்கில்லாத ஆண்கள் முதலில் கிளம்பிவிடுகின்றன, அவற்றுக்குப் பின் பெண்கள், கடைசியாக அந்த ஆண்டு பொரித்த இளம்பறவைகள். செப்டம்பர் மாதத்தில் ஒரே சேற்றுத்திட்டில் நிற்கும் கூட்டத்தில் கோடைக்காலச் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக உதிர்ந்துகொண்டிருக்கும் முதிர்ந்த பறவையும், முழுக்கச் சாம்பலாகிவிட்ட பறவையும், முதுகில் செதில் செதிலாக வெளிர் விளிம்பு போட்ட இளம்பறவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பறவைக் கையேட்டில் உள்ள கோடைக்கால இறகு உடையோ குளிர்கால உடையோ இவற்றில் பாதிக்கு அப்படியே பொருந்தாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலரில் பார்த்தால் "ஏதோ உள்ளான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் போகவேண்டுமானால் இறகின் விளிம்பு தெரியவேண்டும். அதைத்தான் ஸ்கோப்பிடம் கேட்கிறோம்.

இந்தக் கருவி 25 முதல் 35 மடங்கு வரை அதைத் தயக்கமின்றிக் கொடுக்கிறது. காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க, ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான் ஒன்றை 30 மடங்கில் வைத்துப் பார்த்தபோது, இளம்பறவைக்கே உரிய வெள்ளைக் கோடுகள் இரண்டு முதுகில் ஆங்கில 'வி' போலக் கூடுவதும், கால் கன்னங்கரேலென்று இருப்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. அதன் அருகிலேயே சற்றுக் குனிந்து, மெதுவாக நடந்து மேய்ந்த இன்னொன்றின் கால் மங்கிய மஞ்சளாகவும் முதுகு கோடுகளின்றிச் சோகையாகவும் இருந்ததால் அது டெம்மிங்க் உள்ளான் என்று முடிவு செய்ய முடிந்தது. சிட்டுக்குருவி அளவே உள்ள பறவையின் கால் நிறத்தை நம்பிச் சொல்வதற்கு நிறச் சிதறல் குறைவாக இருக்கவேண்டும். மலிவான கண்ணாடியில் ஈரச் சேற்றின் பளபளப்புக்கு எதிரே கறுப்புக் காலைச் சுற்றி ஊதாவும் பச்சையும் கசிந்து, இல்லாத நிறத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடும். இதில் நடுப்பகுதியில் அந்தக் கசிவு அறவே இல்லை. ஓரத்தில் மட்டும் சிறிது தென்படுகிறது, ஆனால் ஓரத்தில் வைத்து யாரும் காலின் நிறத்தைப் பார்ப்பதில்லை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 60 என்ற எண்ணோடுதான் எனக்குச் சண்டை. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 25 மடங்கில் அது 3.2 மில்லிமீட்டர், 60 மடங்கில் வெறும் 1.3 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் முதலாவது நிறைவாக இருக்கிறது. இரண்டாவதில் படம் மங்கி, கண்ணைச் சற்று அசைத்தாலும் இருட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய தடை கானல். வெயில் ஏறி, கடல் வற்றத்தில் வெளிப்பட்ட சேறு சூடாகத் தொடங்கியதும், அதன் மேலுள்ள காற்று கொதிக்கும் நீர்போல நெளிகிறது. ஸ்கோப் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. எத்தனை உயர்ந்த கண்ணாடியாலும் இதற்குப் பரிகாரம் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு 40 மடங்குக்கு மேல் திருப்பிப் பார்த்த நாள்களில் ஒருமுறைகூடப் புதிதாக எதையும் நான் தெரிந்துகொண்டதில்லை. கூர்மையாக இருந்த ஒரு சிறு பறவை மங்கலான ஒரு பெரிய பறவையானதுதான் மிச்சம். விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள் என்பது புரிகிறது, ஆனால் விற்பவராவது சொல்லலாம்.

ஜூம் ஐபீஸின் இன்னொரு குறை இதற்கு நேர்மாறான முனையில் இருக்கிறது. கருவியின் கையேட்டின்படி 20 மடங்கில் 1000 மீட்டர் தொலைவில் 36 மீட்டர் அகலப் பரப்பும், 60 மடங்கில் 18 மீட்டர் பரப்பும் தெரியும். உருப்பெருக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது பார்வைப் புலம் மூன்று மடங்கு விரியவேண்டும் என்று எதிர்பார்ப்போம். இங்கே இரண்டு மடங்கோடு நின்றுவிடுகிறது. இதன் விளைவாக, கூட்டத்தை முதலில் அலசிப் பார்க்கவேண்டிய 20 மடங்கில் சுரங்கத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போன்ற உணர்வே ஏற்படுகிறது. நண்பர் ஒருவரிடமிருந்து 30 மடங்கு மட்டுமே உள்ள அகலப்புல ஐபீஸை ஒரு காலைப்பொழுது இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஒரே பார்வைக்குள் முழுக்கூட்டமும் அடங்கியது, ஓடி நின்று கொத்தி மறுபடி ஓடும் உப்புக்கொத்திகளைத் தேடித் தேடித் திருப்பவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே பொறாமைப்பட்டேன்.

உயர்ந்த உருப்பெருக்கம் பயன்பட்ட ஒரு வேலையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆய்வாளர்கள் கரைப்பறவைகளின் காலில் மாட்டும் வண்ணக் கொடிகள் சிலவற்றில் எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் வெள்ளைக் கொடி நியூசிலாந்தையும், மஞ்சள் வடமேற்கு ஆஸ்திரேலியாவையும், ஆரஞ்சு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தையும் குறிப்பதால் நிறத்தைக் கண்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் எந்தத் தனிப் பறவை என்பதை அறிய எழுத்தைப் படித்தாகவேண்டும். மேகம் மூடிய ஒரு காலையில், முகம்வரை அலகைச் சேற்றில் புதைத்து புழு தேடிக்கொண்டிருந்த பட்டைவால் மூக்கன் ஒன்றின் காலில் கொடி தெரிந்தது. நெற்றி இறகில் சேறு அப்பியிருந்தது, கொடியிலும் அப்படியே. 50 மடங்கில் வைத்து இருபது நிமிடம் காத்திருந்ததில் முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தும் கிடைத்தன. மூன்றாவதன் மேல் ஒட்டியிருந்த சேற்றைப் பறவை தண்ணீருக்குள் இறங்கிக் கழுவும் முன்னரே கூட்டம் எழும்பிவிட்டது. கரண்டிமூக்கு உள்ளானைத் தேடுபவர்களுக்கும் இந்த முனை தேவைப்படலாம், ஏனெனில் பக்கவாட்டில் பார்த்தால் அதன் அலகு சாதாரண உள்ளானின் அலகுபோலவே இருக்கும்; நம் பக்கம் முகத்தைத் திருப்பும் ஓரிரு நொடிகளில்தான் கரண்டி தெரியும். எனக்கு அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை.

ஃபோகஸ் திருகில்தான் கருவி என்னைக் கைவிட்டது. விரைவாகத் திருப்ப ஒன்றும் நுணுக்கமாகச் சரிசெய்ய ஒன்றுமாக இரண்டு திருகுகள் இதில் உண்டு. முதல் பருவத்தின் இறுதியில் நுண்திருகு தளர்ந்து, எதிர்ப்பக்கம் திருப்பத் தொடங்கியபின் கால் சுற்றுவரை உள்ளே எதுவும் அசையாமல் இருந்தது. வெளிக்காற்றில் பறக்கும் உப்பும் நுண்மணலும் உள்ளே போயிருக்கவேண்டும் என்பது என் ஊகம். குளிர்காலம் முழுவதும் அதை அலமாரியில் போட்டுவிட்டு, மறு ஆண்டு ஆகஸ்டில் பழுதுபார்க்க அனுப்பியது என்னுடைய முட்டாள்தனம். இரண்டு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் வைத்துக்கொண்டது சேவை மையத்தின் பொறுப்பின்மை. திரும்பி வந்தபோது திருகு புதிதுபோல் இயங்கியது, பணமும் கேட்கவில்லை, ஆனால் செங்கல் நிறத்தோடு வரும் முதிர்ந்த பறவைகள் எல்லாம் அந்த ஆண்டு என் கண்ணில் படாமலே நிறம் மாறிவிட்டிருந்தன. இப்போது வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் திருகைச் சுற்றித் துடைக்கிறேன். லென்ஸின் மேல் உப்பு படிந்திருந்தால் உலர்ந்த துணியை அதில் தொடவே கூடாது, முதலில் நன்னீர் விட்டு உப்பைக் கரைத்துவிடவேண்டும்.

சாய்வுக் குழல் நல்ல தேர்வு. ட்ரைபாடைத் தாழ்வாக வைக்கலாம், அதனால் கடற்காற்றில் ஆட்டம் குறைகிறது. உயரம் வேறுபட்ட இருவர் கால்களைக் கூட்டிக் குறைக்காமலே மாறி மாறிப் பார்க்கலாம். கண் ஒரு திசையிலும் குழல் ஒரு திசையிலும் இருப்பதால் தொடக்கத்தில் பறவையைப் பார்வைக்குள் கொண்டுவரத் திணறவேண்டியிருக்கும். குழலின் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு கேபிள் டை கட்டி, வெட்டிய வால்களைத் துப்பாக்கியின் குறிமுனைபோல நேராக நிறுத்திக்கொண்டேன். அதன்பின் சிரமம் இல்லை. உடனிணைப்பாக வந்த ட்ரைபாடைப் பற்றி ஒரு வரி போதும்: அது இந்த எடைக்கு உரியதல்ல, மேசைமேல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவலாம். செல்பேசியை மாட்டும் பிடியும் அப்படித்தான்.

ஒரு கடற்கரையில் இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு எப்போது விளங்குகிறது என்றால், கடல் ஏற்றத்தின்போது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் மேய்ச்சல் சேறு முழுவதும் மூழ்கிவிட, கிலோமீட்டர் கணக்கில் சிதறிக் கிடந்த பறவைகள் எஞ்சிய ஒரு மணல்திட்டில் வந்து நெருக்கமாக ஒண்டி நிற்கும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதைக் கணக்கில் வைத்து, திட்டு சுருங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டால், அவையே நம்மை நோக்கி வந்து நிற்கின்றன. இந்த நேரத்தில் இன்னும் இருபது மீட்டர் நெருங்கலாம் என்ற ஆசை பைனாகுலர் மட்டும் வைத்திருப்பவருக்கு வரும், எனக்கும் வந்திருக்கிறது, கூட்டத்தைக் கிளப்பியும் விட்டிருக்கிறேன். 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய, ஐந்து மாத வயதே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து எங்கும் இறங்காமல் 11 நாள்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. அத்தகைய பயணத்துக்கு முன் இந்த இனப் பறவையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். அதைச் சேர்த்துவைக்க மேய்ச்சலும் ஓய்வும் இரண்டுமே வேண்டும். ஸ்கோப் இருந்தால் நெருங்கவேண்டிய தேவையே எழுவதில்லை. இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகிறகில் செருகி, ஒரு கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடும் சாம்பல் உப்புக்கொத்தியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்கு நான் அங்கே இருப்பதே தெரியாது என்ற நிம்மதி எனக்கு இருந்தது.

முதன்முறையாக ஸ்கோப் வாங்குபவர் நெடுந்தூரம் நடப்பவராக இருந்தால் 65 மில்லிமீட்டர் உடலே போதும் என்பேன். ட்ரைபாடோடு சேர்த்து நான்கு கிலோவைச் சேற்றில் சுமந்து நடப்பது விளையாட்டில்லை, 30 மடங்கில் அதன் ஒளிக்கற்றையும் 2.2 மில்லிமீட்டர் இருக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் 80-ஐ வாங்கலாம், ஆனால் உடலையும் ஐபீஸையும் தனித்தனியாக விற்பவரிடம் வாங்கவேண்டும், பிற்பாடு அகலப்புல ஐபீஸுக்கு மாறிக்கொள்ள அது வழிவிடும். என்னுடையதில் ஐபீஸ் கழலும் என்பதால் அடுத்த பருவத்துக்குள் 30 மடங்கு ஒன்றைத் தேடி எடுத்துவிடுவேன். அதுவரைக்கும், கூட்டம் கிளம்பும் பரபரப்பில் கை தானாகக் கடைசிவரை திருகிவிடாமல் இருக்க, ஜூம் வளையத்தில் 40-க்கு நேரே கறுப்பு டேப் ஒன்றைத் தடிப்பாகச் சுற்றி வைத்திருக்கிறேன். கொடி கண்ட நாளில் மட்டும் அதை உரித்தெடுப்பதாக ஏற்பாடு.