டிராக்ஷனா, குப்புறப் படுத்து எழும் பயிற்சியா? சயாட்டிகாவுக்கு நான் எடுத்த முடிவும் ஆய்வுகள் சொல்வதும்

தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான், இது வெறும் இடுப்புப் பிடிப்பு இல்லை என்று எனக்கு உறைத்தது. வலி வலது புட்டத்தில் தொடங்கும். தொடையின் பின்பக்கமாக இறங்கி, ஆடுசதையைத் தாண்டி, சுண்டு விரல் வரைக்கும் கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி போகும். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், முதுகெலும்பின் அடியில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் வலப்பக்கமாகப் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது தெரிந்தது. இப்படி நரம்பு அழுந்தி வலி காலுக்கு இறங்குவதைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். பாதத்தில் பலம் குறையவில்லை, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் இல்லை. அதனால் அறுவை சிகிச்சைக்கு அவசரமில்லை, பிசியோதெரபி பாருங்கள் என்றார் மருத்துவர்.

பிசியோதெரபி பாருங்கள் என்பது, பசிக்கிறவரிடம் சாப்பிடுங்கள் என்று சொல்வது போலத்தான். எதை? நான் முதலில் போன இடத்தில் இடுப்பில் பட்டை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அதற்கு முன்னால் கரண்ட், அப்புறம் அல்ட்ராசவுண்ட் என்று பத்து நாள் நடந்தது. இரண்டாவது இடத்தில் மெஷினே இல்லை. ஒரு கட்டில், ஒரு பிசியோ. குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டுக் கேள்வியாகக் கேட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆகவே, இந்த அலசல் நடுநிலையானது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சயாட்டிகா பெரும்பாலோருக்குத் தானாகவே தணிகிறது. 1999-இல் நெதர்லாந்தில் 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வாரம் படுக்கையில் ஓய்வு, மறு பாதிக்கு வழக்கமான நடமாட்டம் என்று விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் ஓய்வெடுத்தவர்களில் 70 சதவீதம் பேரும் மற்றவர்களில் 65 சதவீதம் பேரும் தேவலை என்றார்கள். 12 வாரத்தில் இரண்டு பக்கமும் 87 சதவீதம். பிதுங்கி வெளியே வந்த டிஸ்க் துண்டை உடம்பே மெல்லக் கரைத்துவிடுகிறது. அதிலும் வேடிக்கை, லேசான உப்பலைவிட, நன்றாகப் பிய்ந்து வெளியே வந்த துண்டுதான் அதிகம் கரைகிறது. ஆக, எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் அதனால்தான் குணமானேன் என்று சொல்ல நாலு பேர் கிடைப்பார்கள். உடம்பு தேறும் சமயத்தில் எது நடந்துகொண்டிருந்ததோ, அதற்கு நல்ல பேர் கிடைத்துவிடும்.

ஓய்வின் கதை அந்த ஆய்வோடு முடிந்தது. மாத்திரையைப் பற்றியும் ஒரு வரி போதும். நரம்பு வலிக்கென்று தரப்படும் பிரிகாபலினை 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் சோதித்தபோது, வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை. தலைசுற்றலைத்தான் கூடுதலாகக் கொடுத்தது.

சரி, டிராக்ஷன். அதன் தர்க்கம் யாரையும் மயக்கும். டிஸ்க் நசுங்கியிருக்கிறது, எலும்புகளை இழுத்து இடைவெளி கொடுத்தால் நரம்புக்கு மூச்சு கிடைக்கும் என்பது கேட்கவே நியாயமாக இருக்கிறது. படுத்திருக்கும்போது உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. பட்டை இறுகி இழுக்கும்போது காலில் இருந்த கம்பி தளரும். பிரச்சினை இறங்கும்போதுதான். கட்டிலிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டக் குனிந்து, வண்டியில் உட்கார்ந்தால், சுண்டு விரலில் பழையபடி விறுவிறு. பத்து நாளும் இதே கதை. அங்கே என்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நாளில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வுகளும் டிராக்ஷனுக்குச் சாதகமாக இல்லை. 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 32 சோதனைகளை, மொத்தம் 2,762 பேரின் விவரங்களைச் சேர்த்து அலசியது. சயாட்டிகா உள்ளவர்களோ இல்லாதவர்களோ, டிராக்ஷனால் வலியிலும் நடமாட்டத்திலும் வித்தியாசம் சொற்பம் அல்லது இல்லவே இல்லை என்பது அதன் முடிவு. ஒருவேளை ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிக்கு மட்டும் கேட்குமோ என்ற ஆசையில் அமெரிக்காவில் 120 பேரிடம் இன்னொரு சோதனை நடந்து 2016-இல் வெளியானது. எல்லோருக்கும் முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி, அவர்களில் பாதிப் பேருக்குக் கூடவே டிராக்ஷன். ஆறு வாரத்திலும் ஒரு வருடத்திலும் இரு சாராரும் ஒரே மாதிரி. டிராக்ஷன் சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 முதல் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், கரண்ட் சிகிச்சைகள், இடுப்பு பெல்ட் நான்கையுமே கொடுக்க வேண்டாம் என்கிறது. என் பத்து நாள் பட்டியலில் பெல்ட் மட்டும்தான் பாக்கி. கடைசி நாளில் அதையும் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது பிசியோ முதல் நாள் என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கேட்டார்: “வலி இப்ப எங்க முடியுது?” எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கவில்லை. எங்கே முடிகிறது என்றுதான் கேட்டார். சுண்டு விரல் என்றேன். முழங்கையை ஊன்றி ஐந்து நிமிடம் கிடக்கச் சொன்னார். பிறகு இடுப்பு கட்டிலை விட்டு எழும்பாமல், கையை மட்டும் ஊன்றி நெஞ்சைத் தூக்கி இறக்க வேண்டும். பத்து தடவை. ஆறாவது தடவையில் இடுப்பு நடுவில் சுருக்கென்று பிடித்தது, பயந்து நிறுத்தினேன். “கால்?” என்றார். அப்போதுதான் கவனித்தேன், பாதத்தில் விறுவிறுப்பு இல்லை. வலி ஆடுசதையோடு நின்றிருந்தது. இடுப்பு கூடுதலாக வலித்தாலும் கால் வலி மேலே ஏறினால் நல்லது, இடுப்பு லேசானாலும் கால் வலி கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். கடல் உள்வாங்குவது போல வலி பாதத்திலிருந்து முதுகுப் பக்கம் உள்வாங்குவதைத்தான் இந்தத் துறையில் சென்ட்ரலைசேஷன் என்கிறார்கள்.

இதை முதலில் கவனித்தவர் நியூசிலாந்தின் பிசியோ ராபின் மெக்கென்சி. 1956-இல் அவருடைய நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாத்தனமாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தவர், எழும்போது கால் வலி போய்விட்டது என்றாராம். அந்தக் காலத்தில் முதுகைப் பின்னால் வளைப்பது ஆகாது என்றிருந்தார்கள். அந்தத் தற்செயலிலிருந்து ஒரு முழு முறையே வளர்ந்தது.

முறையின் சாரம் பின்னால் வளைப்பதில் இல்லை, திசையைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. 2004-இல் வெளியான ஒரு சோதனையில் 312 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 230 பேருக்கு, அதாவது முக்கால்வாசிப் பேருக்கு, ஏதோ ஒரு திசையில் அசைத்தால் வலி குறைந்தது. அந்த 230 பேரையும் மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒத்துப்போகும் திசை, இன்னொன்றுக்கு நேர் எதிர்த் திசை, மூன்றாவதுக்குப் பொதுவான பயிற்சி என்று இரண்டு வாரம் கொடுத்தார்கள். ஒத்த திசையில் செய்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். மற்ற இரண்டு குழுக்களிலும் மூன்றில் ஒருவர், பலனில்லை அல்லது மோசமாகிறது என்று பாதியில் விலகினார். முதல் குழுவில் அப்படி ஒருவரும் விலகவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சயாட்டிகாக்காரர்கள் இல்லை, வெறும் முதுகு வலிக்காரர்களும் உண்டு. இருந்தும், எதிர்த் திசையில் செய்தால் கெடும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய வேறு சோதனையை நான் பார்க்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இங்கேதான். டிராக்ஷன் கேட்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்து நாள் முடிந்து, இருபது நாள் பார்த்து, அதற்குள் தானாகத் தணிந்ததா சிகிச்சையால் தணிந்ததா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். பயிற்சியில் அப்படி இல்லை. பத்து தடவை செய், வலி எங்கே முடிகிறது பார். பதில் ஐந்து நிமிடத்தில் கையில். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்: காலை ஆடுசதை, பகல் முழங்கால் மடிப்பு, அலுவலகத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்த பிறகு பாதம், படுத்து எழுந்ததும் மறுபடி ஆடுசதை. நாலாம் நாள் அந்தத் தாளைப் பார்த்தபோது, என்னைக் கெடுப்பது நாற்காலிதான் என்று எவரும் சொல்லாமலே தெரிந்தது. முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்ந்தேன். இரண்டாம் வாரம் தாளில் பாதம் என்ற சொல்லே வரவில்லை. ஆறாம் வாரம் புட்டத்தோடு நின்றது.

அப்புறம், இது என்னுடனேயே வரும். டிராக்ஷன் மெஷின் வீட்டுக்கு வராது. எட்டு மாதம் கழித்து ஒரு பெட்டியைத் தூக்கி மறுபடி தொடைவரை இழுத்தபோது, எந்த மையத்துக்கும் போகவில்லை. தரையில் ஒரு போர்வை போதுமாக இருந்தது. திரும்பத் திரும்ப வரும் தொந்தரவுக்கு, திரும்பத் திரும்ப இன்னொருவர் மேஜையில் போய்ப் படுக்க வேண்டிய சிகிச்சை சரிப்படாது என்பது என் பிடிவாதம்.

நரம்பை வழுக்க விடும் பயிற்சியையும் சில நாள் செய்தேன். உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்துவது, மடக்கும்போது குனிவது. தொடைத் தசை இறுகியிருக்கிறது என்று நினைத்துக் காலை நீட்டி வைத்து இழுப்பவர்கள், புண்பட்ட நரம்பைத்தான் இழுக்கிறார்கள். நானும் ஒரு வாரம் அந்தத் தப்பைச் செய்தேன். இழுப்பதற்கு வழுக்க விடுவது மேல். அதற்குமேல் இதைப் பற்றிப் பேசும் அளவுக்கு நான் செய்யவில்லை.

என் கட்சிக்கு எதிரான சான்றுகளையும் வைத்துவிடுகிறேன். பிசியோதெரபியால் கிடைக்கும் கூடுதல் லாபம் பெரிது இல்லை. அமெரிக்காவின் யூட்டாவில் 90 நாளுக்குள் சயாட்டிகா வந்த 220 பேரிடம் நடந்த சோதனை 2021-இல் வெளியானது. நான்கு வாரம் பயிற்சியும் கைமுறைச் சிகிச்சையும் பெற்றவர்கள், 100 புள்ளி கொண்ட ஊன அளவுகோலில் ஆறு மாத முடிவில் 5.4 புள்ளிதான் முன்னே இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துக் குணமானதாகச் சொன்னவர்கள் பிசியோதெரபி பக்கம் 45.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 27.6 சதவீதம். வித்தியாசம் உண்மைதான், ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் முழு நிம்மதி அடையவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2015 அலசலிலும், சும்மா நடமாடிக்கொண்டிருங்கள் என்ற அறிவுரையைவிடப் பயிற்சி ஆரம்பத்தில் கொஞ்சம் மேலாக இருந்து, போகப்போகச் சமமாகிவிட்டது.

நாள்பட்டுப் போனால் கணக்கே மாறுகிறது. கனடாவில் நான்கு முதல் 12 மாதம் வரை வலியோடு இருந்த 128 பேரில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கால் வலி ஆறு மாதத்தில் பத்துக்கு 2.8, பிசியோதெரபி பக்கம் 5.2 என்று 2020-இல் வந்தது. எனக்கு ஆறு வாரத்தில் தணிந்தது. ஆறு மாதம் தணியாமல் இருந்திருந்தால் இதே பிடிவாதத்தோடு எழுதியிருப்பேனா, சந்தேகம்தான். பாதம் தொங்கினாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ பயிற்சியைப் பற்றி யோசிக்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

என் தாளைப் பார்த்துவிட்டு, அறுபத்தைந்து வயதான என் பெரியப்பாவும் குப்புறப் படுத்து எழ ஆரம்பித்தார். இரண்டாம் நாளே வலி தொடையிலிருந்து பாதத்துக்கு இறங்கியது. அவருக்கு டிஸ்க் பிதுங்கல் இல்லை, தண்டுவடக் குழாயே குறுகியிருக்கிறது. பின்னால் வளைந்தால் அது இன்னும் குறுகும். நல்லவேளை, எங்கே முடிகிறது என்று அவரும் எழுதி வைத்திருந்தார். அதே பிசியோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைக்கச் சொன்னார். அவருக்கு அது சுகமாக இருக்கிறது. நான் அதைச் செய்தால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது.