ஆஃப்ரிக்ஆர்க்கைவ்: காசு கேட்காது, பெயரைத்தான் சரியாகக் கேட்கும்

ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கென்றே 2018இல் தொடங்கிய ப்ரீபிரின்ட் சேவை ஆஃப்ரிக்ஆர்க்கைவ். ஆய்விதழ் ஏற்கும்வரை காத்திராமல் கட்டுரையைப் பொதுவில் வைத்துவிடலாம். ஆங்கிலம், பிரெஞ்சு மட்டுமல்ல, ஆப்பிரிக்க மொழிகளில் எழுதியதையும் ஏற்கிறார்கள். 180 கட்டுரைகளை ஜூலு, ஹவுசா, யொரூபா, அம்ஹாரிக் உட்பட 6 மொழிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்திலும் இவர்களுக்குப் பங்குண்டு. இந்த ஒன்றுக்காகவே பாராட்டலாம்.

ஆனால் கட்டுரையை ஏற்றிவிட்டால் மட்டும் யார் கண்ணிலும் பட்டுவிடாது. முதல் சிக்கல் பெயர். எத்தியோப்பியாவில் குடும்பப்பெயர் வழக்கமில்லை. தன் பெயரை அடுத்து அப்பா பெயர் வரும். படிவமோ 'கடைசிப் பெயர்' கேட்கும். விளைவு, மேற்கோளெல்லாம் அப்பா கணக்கில். (இனிஷியலோடு பாஸ்போர்ட் எடுக்கப் போன நமக்கு இது புதிதா என்ன?) ஒரு கட்டுரையில் முழுப்பெயர், இன்னொன்றில் முதலெழுத்து என்று மாறினால் தேடுபொறி இரண்டு ஆளாக எண்ணும். எனவே முதல் வேலை, ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண்: இலவசம், 16 இலக்கம், சில நிமிடம் போதும். அதில் கடைசிப் பெயர் கட்டாயமில்லை; உங்கள் பெயரை வேறு விதமாக எழுதும் வடிவங்களைத் தனிப் பெட்டியில் சேர்க்கலாம். பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். வேலை மாறியதும் பழைய முகவரி மூடிப்போய், இரண்டாவது எண் எடுத்துக் குழம்புவது இங்கேதான்.

அடுத்து, ஜெனோடோ (Zenodo) என்ற ஆய்வுக் களஞ்சியத் தளத்தில் ஆஃப்ரிக்ஆர்க்கைவ் குழுவைத் தேர்ந்து கோப்பை ஏற்றுங்கள். அங்கே 'ஏற்கெனவே டிஓஐ உள்ளதா?' என்று கேட்பார்கள். டிஓஐ (DOI) என்பது கட்டுரைக்கான நிலையான அடையாள எண். இதழில் வெளிவந்த கட்டுரை என்றால் அந்தப் பழைய எண்ணையே இடுங்கள். புதிது எடுத்தால் மேற்கோள்கள் இரண்டாகப் பிரியும். புதுக் கட்டுரை என்றால் எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி வாங்கி, முதல் பக்கத்தில் அச்சிட்டுவிட்டு ஏற்றலாம். பின்னால் திருத்தினால் புதுப் பதிவு போடாமல் 'புதிய பதிப்பு' போடுங்கள். அம்ஹாரிக் போன்ற எழுத்துகளில் எழுதியதை ஸ்கேன் படமாக ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஒரு சொல்லும் தேடலில் சிக்காது. தலைப்பையும் சுருக்கத்தையும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கூடவே கொடுப்பது நல்லது. உரிமத்துக்கு, ஆசிரியர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி-பை (CC BY) போதும், ஆனால் அனுப்பப்போகும் இதழ் ப்ரீபிரின்ட்டை ஏற்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

குறை ஒன்று உண்டு, சின்னதல்ல. தொடக்கத்தில் ஓஎஸ்எஃப், பிறகு ஜெனோடோ, சயின்ஸ்ஓப்பன் என்று பல தளங்களில் பரவியதால் கட்டுரைகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் இருக்கலாம். டிஓஐ கையில் இருந்தால் இந்த அலைச்சல் இல்லை.