கேப்பை மாற்றுவதா, துளையைத் துடைப்பதா?

கேப் (அடித்தால் தீப்பொறி விடும் சிறு உலோகக் குப்பி) வைத்துச் சுடும் வாய்வழித் துப்பாக்கி, அதாவது குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இறக்கும் ரகம், சேலத்தில் ஒழுங்காக வெடிக்கும். ஏற்காட்டு மூடுபனிக்குள் மூன்றாவது குண்டிலேயே மக்கர் செய்யும். உடனே கேப் டப்பாவைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். பெரிய கேப் போடு, வெடிமருந்தை மாற்று, தீ போகும் துளையைத் துடை என்று மூன்று வைத்தியம் உண்டு. எது முதலில் என்பதை, குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) விழுந்ததும் என்ன சத்தம் கேட்டது என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

கேப் முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடித்தால், அது நிப்பிளில் (கேப்பைச் செருகும், நடுவே துளையுள்ள சிறு முளை) முழுதாக உட்காரவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளியதோடு சரி. நிப்பிள் முனை அடிபட்டுக் காளான்போல் விரிந்திருக்கும், அல்லது வழக்கமான பதினொன்றாம் நம்பர் அளவு கேப்புக்கு அந்த முனை பருமனாக இருக்கும். வேறு கேப் தேடுவதைவிடப் புது நிப்பிள் மலிவு. குதிரையின் குழிவிளிம்பு நிப்பிள் தோளில் இடித்தாலும் இதே கோளாறுதான். விளிம்பில் பளபளக்கும் தழும்பு தெரியும்.

கேப் ‘டப்’ என்று வெடித்தும் குழல் சும்மா இருந்தால் பெரிய கேப்புக்கு ஓடாதீர்கள். மஸ்கெட் கேப் என்ற பெரிய ரகத்தின் தீ பெரிது, குளிரில் விறைத்த விரலுக்கும் பிடிக்க வசதி. ஆனால் அதற்கு வேறு நிப்பிள் வேண்டும். குதிரையின் குழியும் இடம் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு எண்ணெய் அடைத்த துளையை அதுவும் திறக்காது. நிப்பிளுக்கும் மருந்தறைக்கும் நடுவே தீ வளைந்து போகும் குறுகிய வழியில்தான் பெரும்பாலான கோளாறு.

அங்கேதான் மலையும் சமவெளியும் வேறுபடுகின்றன. கரிமருந்து எரிந்து மிஞ்சும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சேலத்து வெயிலில் அது காய்ந்து பொருக்காகும். லேசாக நனைத்த துணி வேண்டும். ஏற்காட்டில் குழம்பாகும், ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு உலர்ந்த துணியே போதும். சொதசொதத்த துணியைக் கெஜக்கோலில் (குழலுக்குள் குண்டை இறக்கும் கோல்) இறக்கினால் குழம்பை நீங்களே தீவழிக்குள் தள்ளுகிறீர்கள்.

நாள் தொடங்கும்போது காலிக் குழலில் எண்ணெயை ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். பாதுகாப்பான பக்கம் பார்த்து, ஒரு காய்ந்த இலை முன்னே வாயைத் தாழ்த்தி, இரண்டு கேப் மட்டும் வெடியுங்கள். இலை துள்ளினால் வழி திறந்திருக்கிறது. அதன்பின் மருந்து போட்டுக் குண்டை இறக்குங்கள். அப்போது கேப் இல்லாமல் குதிரை அரைக் கொக்கியில் (பாதி பின்னிழுத்த நிலையில்) இருந்தால், காற்று நிப்பிள் வழியாக வெளியேறி மருந்தைத் துளைப்பக்கம் இழுத்து வரும். கேப் எப்போதும் கடைசியில்தான்.

மருந்தை மாற்றுவது மூன்றாவது வழி. கரிமருந்துக்குப் பதிலாக வரும் பதிலி மருந்துகள் பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு கேட்கும். வளைந்த தீவழிக்கு உண்மையான கரிமருந்தே தோது. இரட்டை எஃப் என்ற பருமணியிலிருந்து மூன்று எஃப் என்ற நுண்மணிக்கு மாறினால் பொடி துளைக்கு அருகில் வரும், அழுத்தமும் ஏறும். அளவைக் குறைக்காமல் மாற்றக் கூடாது. இன்னொரு நோய்க்கு மருந்தைக் குறை சொல்லவே முடியாது: சுட்டதும் குதிரை பின்னுக்கு எகிறினால் நிப்பிள் துளை அரித்து அகன்றுவிட்டது. தூக்கிப் போடுங்கள்.

வெடிக்காத குண்டு குழலில் நின்றால் வாயைக் குறியிலேயே வைத்து ஒரு முழு நிமிடம் பொறுங்கள். தாமதித்து வெடிக்கும் ஆபத்து உண்டு. பிறகு கெஜக்கோலில் போட்ட அடையாளக் கோட்டைப் பார்த்துக் குண்டு மருந்தின்மேல் அமர்ந்திருக்கிறதா என்று சோதியுங்கள். நிப்பிளைக் கழற்றி மூன்று நான்கு துகள் நுண்ணிய கரிமருந்து தூவி, மாட்டி, புதுக் கேப்போடு பாதுகாப்பான திசையில் சுட்டால் பெரும்பாலும் வெளியேறும். அதற்கும் மசியாவிட்டால் உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் கொடுங்கள்.



இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த குளிர்ந்த குழலைச் சேலத்துப் புழுக்கத்தில் உடனே உறைக்குள் போட்டால் உள்ளே வியர்க்கும். வெளியே வைத்துக் குளிர் போகவிட்டு, சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவி, வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். வாய் மேலே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் மறுபடி தீவழிக்கே வடியும்.